அந்த அரண்மனைக்கு முப்பது நிமிடம் போதாது: ஐரோப்பாச் சுற்றுலா நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டிலிருந்து ஐரோப்பாவுக்குக் குழுக்களை அழைத்துச் செல்லும் நிறுவனத்தாருக்கும், பஸ்ஸின் முன்வரிசையில் மைக் பிடித்து நிற்கும் வழிகாட்டிகளுக்கும், வணக்கம்.

பன்னிரண்டு நாள், ஏழு நாடு என்று நீங்கள் நடத்தும் பயணம் ஒன்றில் என் அம்மாவுடன் வந்தவள் நான். எந்த நிறுவனம், எந்த வழிகாட்டி என்பது இங்கே வேண்டாம். குறை ஒருவருடையதாக இருந்திருந்தால் அவருக்கே தனியாக எழுதியிருப்பேன். திரும்பி வந்தபின் வேறு நிறுவனங்களின் பயணத் திட்டங்களையும் எடுத்துப் பார்த்தேன். வியன்னாவிலிருந்து புடாபெஸ்ட் போகும் நாளில், ஹங்கேரிக்குள் நுழைந்த பிறகு, சில திட்டங்களில் ஃபெர்டோட் என்ற ஊர் இருக்கிறது. பலவற்றில் அந்தப் பெயரே இல்லை. இருக்கும் இடங்களிலும் ஒரே வரிதான்: “எஸ்டர்ஹாசி அரண்மனை, புகைப்பட நிறுத்தம், 30 நிமிடம்.”

அந்த முப்பது நிமிடத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

எங்களுக்கு மைக்கில் சொல்லப்பட்டது இவ்வளவுதான்: இது ஒரு ஹங்கேரி ராஜா கட்டியது, 126 அறைகள், ஹங்கேரியின் வெர்சாய் என்பார்கள், மொசார்ட்டின் சீடரான ஹைடன் இங்கே வாசித்தார், கழிப்பறை இடது பக்கம். இதில் கழிப்பறையும் அறைகளின் எண்ணிக்கையும், பிரெஞ்சு மன்னர்களின் அரண்மனையான வெர்சாய் பெயரில் வந்த பட்டப்பெயரும் சரி. எஸ்டர்ஹாசிகள் ராஜாக்கள் அல்லர், பிரபுக்கள். ஹங்கேரியின் கிரீடம் அன்று வியன்னாவில் ஹாப்ஸ்பர்க் குடும்பத்தின் தலையில் இருந்தது. அந்தக் குடும்பத்துக்கு விசுவாசமாக இருந்து நிலம் சேர்த்தவர்கள் எஸ்டர்ஹாசிகள். 1687இல் இளவரசர் பட்டமும் பெற்று, நாட்டிலேயே பெரிய நிலக்கிழார்கள் ஆனார்கள். யோசஃப் ஹைடனோ மொசார்ட்டைவிட 24 வயது மூத்தவர். அந்த இளைஞரைத் தன் காலத்தின் மிகப் பெரிய இசையமைப்பாளர் என்று வாய்விட்டுப் பாராட்டியவர். தன் ஆறு நால்வர் இசைப் படைப்புகளை ஹைடனுக்குக் காணிக்கையாக்கியவர் மொசார்ட்தான். சீடர் என்பதைத் தலைகீழாகச் சொல்லிவிட்டார்கள்.

இந்தத் தவறுகளைக்கூட நான் பெரிதாக நினைக்கவில்லை. ஒரு நாளில் நான்கு ஊர்களைப் பற்றிப் பேச வேண்டியவருக்குத் தவறு நேரத்தான் செய்யும். என் மனக்குறை வேறு. அந்த ஊரில் பார்க்க வேண்டிய முதல் கட்டடம் அரண்மனை வாசலிலிருந்து சில நிமிட நடையில் நிற்கிறது. அதைக் கைகாட்டிக்கூட யாரும் சொல்லவில்லை. அதன் பெயர் இசைக்கலைஞர் வீடு. ஹங்கேரிய மொழியில் முஷிகாஹாஸ்.

நான் பாளையங்கோட்டையில் வளர்ந்தவள். தேவாலயப் பாடகர் குழுவில் பன்னிரண்டு ஆண்டுகள் இரண்டாம் வயலின் வாசித்தேன். அந்த வீட்டைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்ததற்கு அதுதான் காரணம். எங்களுக்குப் பயிற்சி கொடுத்த ஆசிரியர், யாராவது ஒத்திகையிலிருந்து சீக்கிரம் கிளம்பக் கேட்டால், “என்ன, ஹைடனின் ஆட்களா நீங்கள்?” என்பார். பிறகு அந்தக் கதையைச் சொல்வார். எத்தனை முறை கேட்டாலும் அலுக்காத கதை.

அதை முதலிலிருந்து சொல்கிறேன். அடுத்த முறை மைக்கில் இதைச் சொல்லுங்கள்.

ஃபெர்டோ ஏரியின் தெற்கே, ஹன்ஷாக் என்ற பெரிய சதுப்புநிலத்தின் ஓரத்தில், ஷுட்டோர் என்று ஒரு சிற்றூர். அங்கே 1720ஆம் ஆண்டளவில் எஸ்டர்ஹாசிகளுக்கு ஒரு வேட்டை மாளிகை கட்டப்பட்டது. கொசுவும் கோரையும் நீர்ப்பறவையும் நிறைந்த இடம். வேட்டைக்கு நல்லது, வசிக்க நல்லதில்லை. 1762இல் அண்ணன் இறந்து பட்டம் மிக்லோஷ் எஸ்டர்ஹாசியிடம் வந்தது. வரலாறு இவரை ‘ஒளிமிகு மிக்லோஷ்’ என்று அழைக்கிறது. குடும்பத்தின் தலைமை இருப்பிடம் கிஷ்மார்டோன் கோட்டை. இன்றைய ஆஸ்திரியாவில் இருக்கும் ஐசன்ஸ்டாட் அது. ஆனால் மிக்லோஷின் மனம் இந்தச் சதுப்பு நிலத்தில் ஒட்டிக்கொண்டது. வேட்டை மாளிகையை நடுவில் வைத்து இரு பக்கமும் இறக்கைகளை நீட்டினார். அவற்றை வளைத்துக் குதிரை லாடம்போல முற்றத்தை அணைக்கச் செய்தார். முன்னால் பூவேலை செய்த இரும்புக் கதவு, பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை தோட்டச் சாலைகள். 1766இலேயே அந்த இடத்துக்குத் தன் குடும்பப் பெயரைச் சூட்டி எஸ்டர்ஹாசா என்று எழுதத் தொடங்கிவிட்டார். பேரரசரால் முடிவது என்னாலும் முடியும் என்று அவர் சொன்னதாக ஒரு பேச்சு இன்றுவரை வழங்குகிறது.

அவரால் முடிந்ததற்குக் காரணமானவர்களைப் பற்றியும் இரண்டு வரி சொல்லுங்கள். எஸ்டர்ஹாசி நிலங்களில் உழுதவர்கள் பண்ணையடிமைகளான குடியானவர்கள். முழுப் பங்கு நிலம் வைத்திருக்கும் குடியானவன் ஆண்டுக்கு 52 நாள் ஏரும் மாடும் கொண்டோ, 104 நாள் வெறுங்கையோடோ பிரபுவின் நிலத்தில் உழைக்க வேண்டும் என்று பேரரசி மரியா தெரேசாவின் 1767ஆம் ஆண்டு ஆணை சொன்னது. அந்த ஆணை வந்ததே, அதற்கு மேல் வாங்கக் கூடாது என்று பிரபுக்களைக் கட்டுப்படுத்தத்தான். நம் கல்வெட்டுகளில் ‘வெட்டி’ என்று வருகிறதே, கூலியில்லா ஊழியம், அதேதான் இது. அரண்மனை வளர்ந்துகொண்டிருந்த ஆண்டுகளில்தான் அந்த ஆணை வந்தது. இந்த ஊழியம் ஒழிய 1848 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பளிங்குத் தரையில் நின்று படம் எடுத்துக்கொள்ளும்போது இதுவும் காதில் விழட்டும்.

இப்போது இசைக்கலைஞர் வீட்டுக்கு வருகிறேன்.

மிக்லோஷுக்கு இசைப் பித்து. தனக்கென ஓர் இசைக்குழு வைத்திருந்தார், ஏறத்தாழ இருபது பேர். 1761ஆம் ஆண்டு மே முதல் நாள் அண்ணன் காலத்தில் வேலைக்குச் சேர்ந்த ஹைடன், 1766இலிருந்து அதன் முழுப் பொறுப்பாளர். அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைப் படித்தால் நெஞ்சு கனக்கும். வெள்ளைக் காலுறை, வெள்ளைச் சட்டை, பவுடர் பூசிய தலைமுடி, சீருடை. தினமும் முற்பகல் ஒரு முறை, பிற்பகல் ஒரு முறை வெளியறையில் வந்து நின்று, இன்று இசை வேண்டுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எழுதும் இசையெல்லாம் எசமானுக்கே சொந்தம், வேறு யாருக்கும் பிரதி எடுத்துத் தரக் கூடாது. ஆண்டுச் சம்பளம் 400 குல்டன். இந்த மனிதரைத்தான் பின்னாளில் லண்டன் கைதட்டி வரவேற்றது. ஐரோப்பாவின் அச்சகங்கள் அவருடைய பெயருக்காகப் போட்டி போட்டன. 1779இல் எழுதிய புதிய ஒப்பந்தத்தில் இசை எசமானுக்கே சொந்தம் என்ற விதி இல்லை. அதுவரை பதினெட்டு ஆண்டுகள்.

கோடைக்கு மட்டும் எஸ்டர்ஹாசா என்பதுதான் தொடக்க ஏற்பாடு. மிக்லோஷ் அங்கே தங்கும் காலம் ஆண்டுக்காண்டு நீண்டது. இசைக்காரர்களின் மனைவி மக்கள் கிஷ்மார்டோனில் இருந்தார்கள். அரண்மனைப் பக்கத்தில் கட்டப்பட்ட வீட்டில் ஆண்கள் அறைகளைப் பகிர்ந்துகொண்டு தங்கினார்கள். 1772 ஜனவரியில் ஓர் ஆணை வந்தது: இசைக்காரர்களின் மனைவியரும் பிள்ளைகளும் எஸ்டர்ஹாசாவில் தலைகாட்டக் கூடாது, 24 மணி நேரத்துக்குக்கூட அனுமதி இல்லை. ஹைடன், முதல் வயலின் வாசித்த தொமாசினி, பாடகர்களான ஃப்ரீபெர்ட், டிஷ்ட்லர் ஆகிய நால்வருக்கு மட்டும் விலக்கு. மற்றவர்கள் தனியாக இருக்க வேண்டும்.

இரண்டு ஊர்களுக்கும் இடையில் உள்ள தூரம் இன்று காரில் ஒரு மணி நேரத்துக்குள் கடந்துவிடக்கூடியது.

அந்த ஆண்டு கோடை முடிந்தது. இலையுதிர்காலமும் வந்துவிட்டது. இளவரசர் கிளம்புவதாக இல்லை. இசைக்காரர்கள் ஹைடனிடம் வந்து முறையிட்டார்கள். வேலைக்காரர்கள் எசமானிடம் எதிர்த்துக் கேட்க வழியில்லாத காலம். ஹைடன் ஒரு சிம்ஃபனி எழுதினார். முழு இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் பெரிய இசைப் படைப்பு அது. அவருடைய சிம்ஃபனிகளின் பட்டியலில் 45ஆவது. அது அமைந்த சுருதி அக்காலத்துச் சிம்ஃபனிகளில் யாரும் தொடாதது. அந்தச் சுருதிக்கு ஹார்ன் என்ற ஊது வாத்தியங்கள் ஒத்துழைக்காது. அதற்காக அரைச் சுருதி மாற்றும் சிறிய குழாய்த் துண்டுகள் இரண்டு புதிதாகச் செய்து வாங்கியிருக்கிறார்கள். 1772 அக்டோபரில் அதற்குப் பணம் கொடுத்த கணக்கு அரண்மனை ஆவணங்களில் இருக்கிறது. எனக்கு அந்தப் பற்றுச்சீட்டு, அரண்மனையின் 126 அறைகளையும் சேர்த்து வைத்தாலும் அவற்றைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது. வீட்டுக்குப் போக வேண்டும் என்று வாய் திறந்து சொல்ல முடியாத இருபது பேருக்காக ஒருவர் எவ்வளவு நுணுக்கமாகத் திட்டமிட்டிருக்கிறார் என்பதற்கு அது சாட்சி.

கடைசிப் பகுதி வேகமாகத் தொடங்கும். முடியப்போகிறது என்று நினைக்கும் நேரத்தில் சட்டென்று நின்று, மெதுவான ஓர் இசை எழும். அங்கேதான் அது நடக்கிறது. முதல் ஓபோக்காரரும் இரண்டாம் ஹார்ன்காரரும் தங்கள் பங்கை வாசித்துவிட்டு, எதிரில் எரியும் மெழுகுவத்தியை அணைத்து, வாத்தியத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போகிறார்கள். அடுத்து பசூன். பிறகு மீதி ஓபோவும் ஹார்னும். பிறகு டபுள் பாஸ், செல்லோ, வயலின்கள், வியோலா. ஒவ்வொருவராகப் போகப் போக மேடை இருளுகிறது, ஒலியும் மெலிகிறது. கடைசியில் இரண்டே வயலின்கள், ஒலி அடக்கப்பட்ட தந்திகளோடு, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்ததுபோல வாசித்துக்கொண்டிருக்கும். முதல் நாள் இரவு அந்த இருவரும் தொமாசினியும் ஹைடனும் என்பார்கள். விலக்கு பெற்ற இருவர் கடைசிவரை இருந்து மற்றவர்களை வழியனுப்பியிருக்கிறார்கள். அதன்பின் அவர்களும் விளக்கை அணைத்தார்கள்.

இளவரசருக்குப் புரிந்தது. அடுத்த நாளே பரிவாரம் கிளம்பியது என்று, வயதான ஹைடனிடம் கேட்டு எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

இதை நான் அம்மாவுக்கு அந்த வீட்டின் எதிரில் நின்றுதான் சொன்னேன். அரண்மனைக்குள் போகவில்லை. கொடுத்த முப்பது நிமிடத்தில் இரண்டில் ஒன்றுதான் முடியும். என் அப்பா குவைத்தில் பத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர். குடும்ப விசா கிடைக்கும் சம்பளம் அவருக்குக் கடைசிவரை வரவில்லை. அம்மா ஜன்னல்களை ஒவ்வொன்றாக எண்ணுவதுபோலப் பார்த்தாள். “எத்தனை மாதம் பிரிந்திருந்தார்கள்?” என்று கேட்டாள். அந்த ஆண்டு ஆறு மாதத்துக்கு மேல் இருக்கும் என்றேன். “கடிதமாவது போட விட்டார்களா?” என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் பஸ்ஸிலிருந்து ஹார்ன் அடித்தார்கள். ஏழு நிமிடம் தாமதம் என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிக் காட்டினார்கள். தாமதம் எங்கள் தவறுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பன்னிரண்டு நாளில் அம்மா தானாகக் கேட்ட கேள்விகள் அவை இரண்டு மட்டுமே. ஐஃபெல் கோபுரத்தில்கூட அவள் எதையும் கேட்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், அந்த ஊரை இசைக்கலைஞர் வீட்டிலிருந்து தொடங்குங்கள். அதன் பிறகு அரண்மனைக்குள் நுழைந்தால் ஒவ்வோர் அறையும் வேறுவிதமாகத் தெரியும்.

மாடியில் உள்ள விழா மண்டபத்தின் விதானத்தில் அப்பல்லோ தேரில் வருகிறான். மண்டபத்தில் எங்கே நின்று அண்ணாந்து பார்த்தாலும் தேர் நம்மை நோக்கியே வருவதுபோல வரைந்திருக்கிறார்கள். அதன் கீழே சீருடையில் நின்றவரை நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மிக்லோஷ் தானே ஒரு வாத்தியம் வாசிப்பார், பெயர் பாரிடோன். முன்னால் வில் போட்டு வாசிக்கும் நரம்புகள், கழுத்துக்குப் பின்னால் உலோகக் கம்பிகள். சிதாரில் அடியில் ஓடும் கம்பிகளைப்போல அவை தாமே அதிரும், இடது கட்டைவிரலால் மீட்டவும் மீட்டலாம். அந்த ஒரு வாத்தியத்துக்காக மூவர் வாசிக்கும் இசைப் படைப்புகளை நூற்றிருபதுக்கும் மேல் எழுதிக் குவித்தார் ஹைடன். 1765இல், இன்னும் ஊக்கமாக எழுத வேண்டும், குறிப்பாகப் பாரிடோனுக்கு எழுத வேண்டும் என்று எசமானிடமிருந்து எழுத்திலேயே கண்டிப்பு வந்திருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், நியாயம் அதுதான். மிக்லோஷ் வெறும் ஆடம்பரக்காரர் இல்லை. காது உள்ளவர். புதிதாக எழுதியதை அன்றே வாசித்துக் கேட்கவும், பிடிக்காததை வெட்டவும், துணிந்து சோதித்துப் பார்க்கவும் தனக்கு ஒரு குழு இருந்தது, உலகத்திலிருந்து ஒதுங்கி இருந்ததால் தனித்தன்மையோடு எழுதுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை என்று ஹைடனே முதுமையில் நன்றியோடு சொல்லியிருக்கிறார். சிம்ஃபனி என்ற வடிவமும் நால்வர் இசை என்ற வடிவமும் இந்தச் சதுப்பு நிலத்தில்தான் உருத்திரண்டன. சிறை என்று ஒரே சொல்லில் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. பொற்காலம் என்று சொல்லவும் வரவில்லை. உங்களுக்கு மைக்கில் பேச நேரம் குறைவாக இருந்தாலும் இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

ஓப்பரா என்ற இசை நாடகத்துக்கான அரங்கம் 1768இல் ஹைடனின் படைப்போடு திறந்தது. 1773 செப்டம்பரில் பேரரசி மரியா தெரேசாவே வந்தார். அவருக்காக ஓப்பரா, பொம்மலாட்ட அரங்கில் புதிய நாடகம், வாணவேடிக்கை. சிறுவனாக வியன்னாவில் பாடகர் குழுவில் இருந்தபோது அரண்மனைச் சாரத்தில் ஏறி விளையாடியதற்காகத் தனக்குப் பிரம்படி கொடுக்கச் சொன்னவர் இதே பேரரசி என்பதை ஹைடன் அன்று அவரிடமே நினைவூட்டினாராம். நல்ல ஓப்பரா கேட்க வேண்டுமானால் எஸ்டர்ஹாசாவுக்குத்தான் போக வேண்டும் என்று பேரரசி சொன்னதாக ஒரு வழக்கும் உண்டு. அந்தப் பொம்மலாட்ட அரங்கின் உட்சுவர்கள் அன்று சங்கும் சிப்பியும் கல்லும் பதித்துக் குகைபோல இருந்தன. அந்தக் கட்டடம் அண்மையில் சீரமைக்கப்பட்டு மீண்டும் இசை நிகழ்ச்சிகள் நடக்கின்றன. அதையும் நாங்கள் பார்க்கவில்லை.

ஓப்பரா அரங்கத்தின் கதை வேறு. 1779 நவம்பர் 18 அன்று, பக்கத்து நடன மண்டபத்தில் ஒரு திருமண விழாவுக்காக மூட்டிய அடுப்பிலிருந்து தீப்பிடித்து அரங்கமே எரிந்தது. வாத்தியங்கள் போயின, இசைப் பிரதிகள் போயின. சரியாக ஒரு மாதத்தில், டிசம்பர் 18 அன்று, புதிய அரங்கத்துக்கு அடிக்கல் நாட்டிவிட்டார் மிக்லோஷ். அதற்கும் ஹைடன் ஒரு சிம்ஃபனி எழுதினார். 1781இல் திறந்த அந்தப் புதிய அரங்கில் 1780களில் ஆண்டுக்கு நூறு இரவுகளுக்கு மேல் ஓப்பரா நடந்திருக்கிறது. ஒத்திகை, திருத்தம், பாடகர்களின் சண்டை சச்சரவு எல்லாம் ஒரே மனிதரின் தலையில். குழுவினர் அவரை ‘அப்பா’ என்று அழைத்ததில் வியப்பில்லை. சம்பளப் பிரச்சினை முதல் வேலைநீக்கம்வரை அவர்களுக்காக எசமானிடம் எழுதியவர் அவர்தான்.

1790 பிப்ரவரியில் வியன்னாவிலிருந்து திரும்பிய ஹைடன், அங்கே தனக்கு அன்பு காட்டிய ஒரு பெண்மணிக்குக் கடிதம் எழுதுகிறார். இதோ என் வனாந்தரத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அநாதையைப்போல, என்கிறார். மூன்று நாளாக நான் இசைத் தலைவனா, இசைக்கூடத்து வேலையாளா என்றே தெரியவில்லை. பியானோ சொன்னபடி கேட்க மறுக்கிறது. மொசார்ட்டின் ஓப்பரா ஒன்றைக் கேட்பதுபோல இன்பமாகக் கனவு கண்டுகொண்டிருக்கையில் வாடைக்காற்று வந்து எழுப்பி, தலையில் இருந்த இரவுத் தொப்பியையே பறிக்கப் பார்த்தது. நல்ல மாட்டிறைச்சிக்குப் பதில் ஐம்பது வயதுப் பசுவின் துண்டு ஒன்று. காப்பிக்குப் பால் வேண்டுமா, வேண்டாமா என்று கேட்க இங்கே யாரும் இல்லை. அப்போது அவருக்கு வயது 57. வெளிநாட்டில் வேலை பார்த்த யாருக்கும் இந்தக் கடிதத்துக்கு விளக்கவுரை தேவைப்படாது. உங்கள் பஸ்ஸில் அப்படிப்பட்டவர்கள், அல்லது அவர்களைப் பெற்றவர்கள், எப்போதும் நான்கு பேராவது இருப்பார்கள். படித்துக் காட்டுங்கள்.

அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று மிக்லோஷ் இறந்தார். மகன் ஆன்டலுக்கு இசையில் ஈடுபாடில்லை. காற்று வாத்தியக்காரர்கள் சிலரை வைத்துக்கொண்டு மற்ற எல்லோரையும் அனுப்பிவிட்டார். ஹைடனுக்கு ஓய்வூதியம் கிடைத்தது. கிடைத்ததும் வியன்னாவுக்குப் போய், டிசம்பரில் லண்டனுக்குப் புறப்பட்டார். அரண்மனை அடைபட்டது. குடும்பம் கிஷ்மார்டோனுக்குத் திரும்பியது. இருபத்தைந்து ஆண்டு ஒலித்த இடம், அதைப்போல நான்கு மடங்கு காலம் கிட்டத்தட்ட மௌனமாகக் கிடந்தது. ஓப்பரா அரங்கம் இன்று இல்லை. இருந்த இடத்தில் புல்தான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நான்காம் மிக்லோஷும் அவருடைய மனைவி சிராகி மார்கிட்டும் அங்கே குடிவந்து, வீட்டையும் தோட்டத்தையும் மீட்டெடுத்தார்கள். மார்கிட் 1910இல், நாற்பது வயது ஆகும் முன்பே, இறந்துவிட்டார். பிறகு வந்தவை உங்களுக்குத் தெரிந்த ஐரோப்பியக் கதைகள்தான். முதல் உலகப் போருக்குப் பின் எல்லைகள் மாறின. 1921இல் கிஷ்மார்டோன் ஆஸ்திரியாவிடம் போனது, எஸ்டர்ஹாசா ஹங்கேரியிலேயே நின்றது. இசைக்காரர்களின் வீடுகள் ஒரு நாட்டில், அவர்கள் வேலை பார்த்த இடம் இன்னொரு நாட்டில். இரண்டாம் போரில் அரண்மனை சூறையானது, சோவியத் படையின் மருத்துவமனையாகவும் இருந்தது. 1945இல் நிலங்கள் பறிக்கப்பட்டன. கடைசி நிலக்கிழாரான பால் எஸ்டர்ஹாசி, ஹங்கேரியக் கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவரான கார்டினல் மிண்ட்சென்டியோடு 1949இல் விசாரிக்கப்பட்டு 15 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். 1956 புரட்சியில் விடுபட்டு நாட்டைவிட்டு வெளியேறினார். அவருடைய மனைவி மெலிந்தா ஒட்ருபாய் புடாபெஸ்ட் ஓப்பராவின் பாலே நடனக் கலைஞர். இதற்கிடையே அரண்மனை அறைகளில் தோட்டக்கலைப் பள்ளி நடந்தது. 1950இல் எஸ்டர்ஹாசாவையும் ஷுட்டோரையும் இணைத்து ஃபெர்டோட் என்று பெயரிட்டார்கள். பிரபு குடும்பத்தின் பெயர் வரைபடத்தில் இருக்கக் கூடாது என்ற காலம் அது. 1959இல், ஹைடன் இறந்து 150 ஆண்டு ஆனபோது, அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். அவர் பெயரால்தான் கதவு மறுபடி திறந்தது என்பதைக் கவனியுங்கள். 2001இல் ஃபெர்டோ ஏரிப் பகுதி யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபோது இந்த அரண்மனையும் அதில் அடங்கியது.

இனி நான் கேட்பது.

வியன்னாவிலிருந்து புடாபெஸ்ட் 240 கிலோமீட்டர். ஃபெர்டோட் வழியாகப் போனால் கொஞ்சம் சுற்றுதான், ஆனாலும் ஒரு பகலுக்குள் அடங்கும். புடாபெஸ்டில் மாலைப் படகுச் சவாரிக்கு முன் கடைகளுக்கு என்று இரண்டரை மணி நேரம் விட்டீர்கள். பெரும்பாலோர் விடுதியில் படுத்துத் தூங்கினோம். அதிலிருந்து ஒன்றரை மணி நேரத்தை இங்கே கொண்டுவாருங்கள். முதலில் இசைக்கலைஞர் வீடு, பிறகு இரும்புக் கதவு, மண்டபம், பொம்மலாட்ட அரங்கம். உள்ளூர் வழிகாட்டி ஒருவரை முன்கூட்டி ஏற்பாடு செய்து, அவர் சொல்வதை ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் மாற்றிச் சொல்லுங்கள். நேரம் இருந்தால் பக்கத்தில் நாஜ்சென்க் என்ற ஊரில் செச்சேனி குடும்பத்தின் மாளிகை இருக்கிறது. ஹங்கேரிய அறிவியல் கழகம் தோன்ற 1825இல் தன் ஓராண்டு வருமானத்தைக் கொடுத்த இஷ்ட்வான் செச்சேனியின் வீடு. எல்லாப் பிரபுக்களையும் ஒரே தட்டில் வைக்க வேண்டியதில்லை என்று அது காட்டும்.

வழியில் எல்லையைக் கடக்கும்போது யாரும் பாஸ்போர்ட் கேட்பதில்லை. ஷோப்ரோன் நகருக்கு அருகே அந்த எல்லையில்தான் 1989 ஆகஸ்ட் 19 அன்று ஒரு மரக்கதவு சில மணி நேரம் திறக்கப்பட்டு, கம்யூனிஸ்ட் ஆட்சியிலிருந்து தப்ப நினைத்த கிழக்கு ஜெர்மானியர் அறுநூறு பேருக்கு மேல் குழந்தைகளோடு ஆஸ்திரியாவுக்குள் ஓடினார்கள். பஸ் அந்தப் பக்கம் போகும்போது நீங்கள் எங்களுக்கு ஒரு நகைச்சுவைப் படத்தைப் போட்டீர்கள். யாரையும் நோகச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் 45ஆவது சிம்ஃபனியைப் போட்டிருக்கலாம். மொத்தம் ஏறத்தாழ 25 நிமிடம்தான். கடைசிப் பகுதி வரும்போது பஸ்ஸின் உள்விளக்குகளை ஒவ்வொன்றாக அணையுங்கள். மேற்கத்திய இசை நம்மவர்களுக்குப் புரியாது என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். ஆள் ஒவ்வொருவராக எழுந்து போவது எந்த மொழியில் புரியாது?

ஊர் திரும்பியபின் அம்மாவுக்கு அந்தக் கடைசி ஏழெட்டு நிமிடத்தைக் கைப்பேசியில் போட்டுக் காட்டினேன். இரண்டு வயலின்கள் மட்டும் மிஞ்சும்போது, “இவர்கள் எப்போது போனார்கள்?” என்று கேட்டாள். மறுபடி போடச் சொன்னாள். அப்பா பக்கத்து அறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து வாசலில் நின்று கேட்டார்.

என் சின்னம்மா குடும்பம் வரும் மே மாதம் இதே பயணத்துக்கு முன்பணம் கட்டியிருக்கிறது. அனுப்பியிருக்கும் நிரலை நேற்று வாங்கிப் பார்த்தேன். ஐந்தாம் நாள், ஃபெர்டோட், புகைப்பட நிறுத்தம், 30 நிமிடம் என்றே இருக்கிறது. மே மாதத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. அந்த வரியை மாற்றி எழுதுங்கள்.

அன்புடன்,
அன்று ஏழு நிமிடம் தாமதமாக பஸ் ஏறிய இருவரில் ஒருத்தி